கறிவேப்பிலைப் புழுவை வீட்டில் வளர்ப்பது: மலையகக் குளிருக்குப் பெட்டியா, கிளையில் வலைப்பையா?

தேயிலைச்சாரல் (ஹட்டன்)

"பிள்ளைகள் எங்கிருந்தோ ஒரு புழுவைப் பிடித்து ஜாம் போத்தலில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள், இனி என்ன செய்வது?" என்று இங்கே அடிக்கடி கேட்கிறார்கள். துண்டு துண்டாகப் பதில் எழுதுவதை விட ஒரே இழையில் போட்டுவிடலாம். பண்டாரவளை, நுவரெலியா ஆட்கள் கட்டாயம் எழுதுங்கள். ஹட்டன் ஈரத்துக்குச் சரிவருவது உங்கள் பக்கம் அப்படியே சரிவராது.

எந்தச் செடியில் இருந்து எடுத்தார்களோ அதுதான் அந்தப் புழுவின் சாப்பாடு. கோவா, சலாது, கீரை என்று அடுப்படியில் கிடைப்பதைப் போட்டால் பட்டினி கிடந்து சாகுமே தவிர வாய் வைக்காது. தரையில் ஊர்ந்துபோகிற புழுவை எடுக்கவே வேண்டாம். ஒன்று அது கூடாக மாற இடம் தேடிப் போகிறது, இல்லையென்றால் எந்தச் செடியிலிருந்து விழுந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை.

புதிதாகத் தொடங்குபவர்களுக்குக் கறிவேப்பிலை, தேசிக்காய், தோடை மரங்களில் வருகிற புழுதான் தோது. லைம் பட்டர்பிளை, கொமன் மோர்மன், புளூ மோர்மன் மூன்றில் ஏதோ ஒன்றாக இருக்கும். முட்டை இளங்கொழுந்தில் தனித்தனியாக, வெளிர் மஞ்சளாக, 1 மி.மீ. உருண்டையாக இருக்கும். பிறந்ததிலிருந்து நாலாம் பருவம் வரை (ஒரு தோல் கழற்றலுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காலம் ஒரு பருவம்) கரும்பழுப்பு உடம்பும் நடுவில் வெள்ளைத் திட்டும். பார்த்தால் குருவி எச்சம் என்றே கடந்துபோய்விடுவீர்கள். ஐந்தாம் பருவத்தில் தோல் கழற்றிப் பச்சையாகிவிடும், முன்பக்கம் தடித்துக் கண் மாதிரி அடையாளம் வரும். சீண்டினால் தலைக்குப் பின்னால் இருந்து சிவந்த இரட்டைக் கொம்பை நீட்டும், ஒரு புளித்த நாற்றம் அடிக்கும். கையில் பட்டால் ஒன்றும் செய்யாது.

பெட்டிக்கு 2 லீற்றர் ஐஸ்கிரீம் டப்பா போதும். மூடியின் நடுவை வெட்டி எடுத்துவிட்டு, நுளம்புவலைத் துண்டை வாயில் விரித்து மூடியை அழுத்துங்கள். வலை இறுகி நிற்கும். அடியில் டிஷ்யூ ஒரு மடிப்பு. பெரிய புழு இரண்டு மூன்றுக்கு மேல் ஒரு டப்பாவில் வேண்டாம். பிறந்த புழு 3 மி.மீ. கூட இராது, வலைக்கண் வழியே போய்விடும். ஆகவே முதல் இரண்டு பருவத்துக்கு யோகட் கப், முழு மூடி, துளை ஒன்றும் வேண்டாம். உள்ளே இருக்கிற காற்று அந்த அளவு உயிருக்குத் தாராளம், தினம் ஒரு தரம் திறந்தால் சரி. துளை போட்டால் இலையின் ஈரம் போய்விடும், காய்ந்த இலையைச் சின்னப் புழுவால் கடிக்க முடியாது.

இலையைக் கிளையாகவே வெட்டுங்கள். சின்ன மருந்துப் போத்தலில் தண்ணீர் வைத்துச் சொருகி, வாயைப் பஞ்சால் இறுக அடையுங்கள். பஞ்சு இல்லாமல் வைத்தால் புழு தண்டு வழியே இறங்கித் தண்ணீரில் மூழ்கிவிடும். சின்னதற்குக் கொழுந்து இலை, பெரியதற்கு முற்றல் இலை. மொத்தத் தீனியில் முக்கால் பங்குக்கு மேல் கடைசிப் பருவத்தில்தான் போகும், அதனால் எடுக்கும்போதே மரத்தைப் பாருங்கள். இடுப்பளவு கறிவேப்பிலைக் கன்று ஒன்று நாலைந்து புழுவுக்கு மேல் தாங்காது, உங்கள் வீட்டுக் கறிக்கும் இலை வேண்டுமே.

புழுவைக் கையால் பிடித்து இழுக்காதீர்கள். வயிற்றுக் கால்களில் நுண்ணிய கொக்கிகள் இருக்கின்றன, இலையில் தான் நூற்ற பட்டுப் படலத்தைக் கவ்விக்கொண்டிருக்கும். இழுத்தால் கால் பிய்யும். அது இருக்கிற இலைத் துண்டோடு வெட்டிப் புது இலையின் மேல் வையுங்கள், தானாக மாறிக்கொள்ளும். ஒரே இடத்தில் அசையாமல் ஒரு நாள் கிடந்தால் தோல் கழற்றப் போகிறது. அந்த நேரத்தில் தொடவே கூடாது.


பண்டாரவளையான்

நல்ல விளக்கம். ஆனால் பெட்டி முறையே மலையகத்துக்கு ஒத்துவராது என்பது என் கருத்து. பெட்டிக்குள் இலை மூச்சு விடுகிறது, எச்சம் ஈரமாக விழுகிறது, இரவில் குளிர் இறங்குகிறது. விடியும்போது சுவர் முழுக்கத் தண்ணீர் கோத்திருக்கும். அந்த ஈரத்தில் எச்சத்தில் பூஞ்சணம் பிடிக்கும், அதிலிருந்து நோய் வரும். வீட்டில் சாகிற புழுக்களில் பெரும்பாலானவை இப்படித்தான் போகின்றன.

கிளையிலேயே வலைப்பை கட்டினால் இந்தப் பிரச்சினையே இல்லை. மெல்லிய துணியில் 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலத்தில் இருபக்கமும் திறந்த பை. கிளையை உள்ளே விட்டு இரண்டு வாயையும் நாடாவால் கட்டவேண்டும். நாடாவுக்கும் கிளைக்கும் நடுவே பஞ்சு சுற்றினால் எறும்பு நுழைய இடுக்கு இராது. கட்டுவதற்கு முன் ஒவ்வொரு இலையின் அடியையும் பாருங்கள். சிலந்தி ஒன்று உள்ளே மாட்டினால் எல்லாவற்றையும் அதுவே முடித்துவிடும். இலை தீர்ந்தால் அடுத்த கிளைக்கு மாற்றவேண்டும், எச்சத்தைக் கீழ்வாயைத் திறந்து கொட்டவேண்டும். வேறு வேலை இல்லை.


தேயிலைச்சாரல்

பண்டாரவளையில் சரி அண்ணா. ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மே முடிவில் தென்மேல் பருவம் தொடங்கினால் செப்டெம்பர் வரை மழையும் மூட்டமும்தான். துணிப்பை நனைந்து இலையோடு ஒட்டிக்கொள்ளும், புழு அதற்குள் நசுங்கிக் கிடக்கும். நாள் கணக்கில் காயாது. அந்த மாதங்களில் வீட்டுக்குள் பெட்டிதான் வழி.

தண்ணீர் கோப்பது பெட்டியின் குற்றமில்லை, ஈர இலையைப் போடுவதால் வருவது. காலையில் பறித்த இலையில் பனி இருக்கும். உதறி, பழந்துணியில் அரை மணி நேரம் பரப்பி, பிறகு போடுங்கள். மூடியில் அட்டை வேண்டாம், வலை மட்டும். டிஷ்யூவைத் தினமும் மாற்றுங்கள், எச்சத்தையும் அதோடேயே சுருட்டி எறியலாம். பெட்டியைச் சிமெந்துத் தரையில் வைக்காமல் மேசையில் வைத்தாலே இரவில் கோக்கும் தண்ணீர் பாதி குறையும்.


பண்டாரவளையான்

மழைக்காலத்துக்கு ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எங்கள் பக்கம் அதே மாதங்களில் தலைகீழ். ஜூனிலிருந்து ஓகஸ்ட் வரை கச்சான் காற்று, வரண்டு போய்விடும். அப்போது பெட்டியில் வலைமூடி வைத்தால் இலை ஒரே பகலில் சுருண்டுவிடும். மூடியின் பாதியைப் பொலித்தீனால் மறைக்கவேண்டும். கூட்டுப்புழு நிலையில் காலையில் ஒரு தரம் பெட்டியின் சுவரில் தண்ணீர் தெளிக்கவேண்டும். கூட்டின் மேல் நேராக அடிக்கக்கூடாது. டிசம்பர், ஜனவரியில் எங்களுக்கு மழை வரும்போது உங்கள் முறைக்கு மாறுவோம். ஆக ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம்.


நுவரெலியாப்பனி

எங்கள் உயரத்தில் கறிவேப்பிலை சரியாக வளர்வதே இல்லை, தேசியும் அப்படித்தான். அதனால் முழு இழையும் எங்களுக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது. 😀

1,800 மீற்றருக்கு மேல் இருப்பவர்கள் காஞ்சோண்டிச் செடியைப் பாருங்கள். இலையின் இரண்டு ஓரத்தையும் பட்டு நூலால் இழுத்துத் தைத்துக் கூடாரமாக்கி உள்ளே ஒரு முள்ளுப் புழு இருந்தால் அது பெரும்பாலும் இந்தியன் ரெட் அட்மிரல். இலங்கையில் மலைநாட்டில் மட்டும் இருக்கிற வண்ணத்துப்பூச்சி. முள்ளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், புழு குத்தாது, செடிதான் குத்தும். ரப்பர் கையுறையும் கத்தரிக்கோலும் இல்லாமல் கிட்டப் போகாதீர்கள்.

இந்த இலையில் ஒரு தொல்லை, வெட்டிய கையோடு வாடிவிடும். தண்டைத் தண்ணீருக்குள் வைத்தே மறுபடி ஒரு தரம் வெட்டினால் காற்று ஏறாது, ஒரு நாள் நிற்கும். இலகுவான வழி, காஞ்சோண்டியை வேரோடு எடுத்து வாளியில் நட்டு, வாளிக்கு மேல் வலை போர்த்துவது. புழு தானே கூடாரம் மாற்றிக்கொள்ளும். கூடாரத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் அது மறுபடி நூல் நூற்கவேண்டும்.

காலக்கணக்கும் வேறு. கண்டியில் முட்டையிலிருந்து வண்ணத்துப்பூச்சி வரை ஏறத்தாழ ஒரு மாதத்தில் முடிகிற இனம் ஹட்டனில் ஒன்றரை மாதத்தையும் தாண்டும். பூச்சியின் உடம்புக்குத் தன் சொந்தச் சூடு கிடையாது. குளிர்ந்தால் தின்பது, செரிப்பது, வளர்வது எல்லாமே மெதுவாகும். ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் உறைபனி விழுகிற நாட்களில் புழு சும்மா கிடந்தால் செத்துவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். பகல் வெயில் ஏறினால் தின்னத் தொடங்கும்.


மூன்றாம்பிரட்டு

குளிருக்கு அடுப்புப் பக்கம் வைத்தால் சீக்கிரம் வராதா? பல்ப் போட்டு வைப்பவர்களும் இருக்கிறார்களே.


தேயிலைச்சாரல்

வேண்டாம். அடுப்படியில் புகை, எண்ணெய் ஆவி. பல்ப் வெளிச்சத்தில் காற்று காய்ந்துபோய், கூட்டுக்குள்ளேயே இறகு தோலோடு ஒட்டிவிடும். வெளியே வந்தாலும் ஒரு பக்கம் சுருங்கியே நிற்கும். மெதுவாக வருவதில் புழுவுக்கு ஒரு நட்டமும் இல்லை, பார்க்கிற பிள்ளைகளுக்குத்தான் பொறுமை வேண்டும்.

அடுப்பைவிட மோசமானது நுளம்புத்திரி. அதிலிருக்கும் மருந்து பூச்சியைக் கொல்வதற்கென்றே செய்தது, அது நுளம்பு எது வண்ணத்துப்பூச்சி எது என்று பார்க்காது. பிளக்கில் மாட்டும் திரவமும் அப்படித்தான். லயத்து வீடுகளில் ஒரே அறையில் எல்லோரும் படுப்பதால் இரவில் திரி எரியும். புழுப்பெட்டியை இஸ்தோப்பில், வெயில் நேராகப் படாத மூலையில் வையுங்கள். எறும்புக்கு, பெட்டியைத் தாங்கும் முக்காலியின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய சிரட்டைகளில் நிறுத்தினால் போதும்.


கொழுந்துக்கூடை

ஒரு முக்கியமான விஷயத்தை ஒருவரும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு "புழு எடுக்கலாம்" என்று சொல்வதற்கு முன் எதை எடுக்கக்கூடாது என்று சொல்லிக் கொடுங்க. தேயிலைச் செடியில் இருக்கிற எந்தப் புழுவையும் வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது. கொழுந்து பறிக்கிறவங்களுக்குத் தெரியும், பச்சையாக, தட்டையாக, நத்தை நகர்கிற மாதிரி நகரும் ஒன்று இலைக்கு அடியில் இருக்கும். உடம்பு ஓரம் முழுக்கச் சின்னச் சின்ன முட்கொத்து. பார்க்க அழகு, தொட்டால் நெருப்பு. விரல் வீங்கி, வலி கையோடு ஏறும். நீண்ட மயிர் உள்ள மசுக்குட்டி எல்லாமே சந்தேகக் கேஸ்தான். செத்த புழுவின் மயிரும், கூட்டில் ஒட்டியிருக்கும் மயிரும்கூட அரிக்கும்.

பட்டுவிட்டால் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் மயிர் உள்ளே போகும். ஒட்டும் டேப்பை அந்த இடத்தில் ஒட்டி உரித்து எடுங்க, இரண்டு மூன்று தரம், ஒவ்வொரு தரமும் புது டேப். பிறகு சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவுங்க, குளிர்ந்த துணி வையுங்க. போட்டிருந்த சட்டையைத் தனியாகத் துவைக்கணும். கண்ணில் பட்டாலோ, மூச்சு இழுத்தாலோ, முகம் வீங்கினாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரி.

இன்னொன்று, தேயிலை மலையில் மருந்து அடிப்பாங்க. அந்த ஓரத்தில் நிற்கிற எந்தச் செடியின் இலையையும் புழுவுக்குப் போடாதீங்க.


வேலிக்கிளுவை (பேராதனை)

அக்கா சொன்ன மருந்து விசயத்தை நான் கொஞ்சம் விரிச்சுச் சொல்லுறன். சந்தையில வாங்கிற கறிவேப்பிலையைப் போடவே போடாதேங்கோ. கழுவினாப் போயிடும் எண்டு நினைக்கிறது பிழை. சில மருந்துகள் இலைக்குள்ளயே ஊறி நிக்கும், வேரால ஏறுற வகையும் இருக்கு. நேர்சரியில வாங்கின புதுக் கன்றும் அப்பிடித்தான்; வாங்கின பிறகு புதுசா விட்ட துளிரையும் நம்ப ஏலாது, சில மாதம் பொறுக்க வேணும். வேற வழியில்லாமல் புது இடத்து இலையைப் போடுறதெண்டால் ஒரே ஒரு புழுவுக்குக் குடுத்து ஒரு நாள் பாருங்கோ.

நஞ்சு பட்ட அடையாளம்: புழு பச்சைத் தண்ணியா வாந்தி எடுக்கும், உடம்பை முறுக்கும், கால் பிடி விட்டுக் கீழ விழும். ஒரே நாளில எல்லாப் புழுவும் இப்பிடி ஆனால் நோய் இல்லை, இலைதான். நோயெண்டால் ஒண்டு ஒண்டாப் போகும். வைரசு வந்த புழு உயர ஏறி, பின்கால்ல தொங்கி, கறுத்து, தோல் மட்டும் மிஞ்சி உள்ள எல்லாம் தண்ணியாப் போகும். அந்தத் தண்ணி பட்ட இடமெல்லாம் தொற்று. அதைப் பெட்டியோட வெளியில கொண்டுபோய், புழுவைப் புதைச்சு, பெட்டியைக் கழுவுங்கோ: ஒரு பங்கு பிளீச், ஒன்பது பங்கு தண்ணி, கால் மணித்தியாலம் ஊற வேணும். பிறகு நல்லா அலசி வெயில்ல காய வைக்க வேணும், மணம் இருக்கும் வரைக்கும் புழு போடக் கூடாது. மற்றப் புழுவை ஒவ்வொண்டாத் தனித்தனி கப்பில பிரிச்சு வையுங்கோ.


மூன்றாம்பிரட்டு

புழு நன்றாகத் தின்று கூடும் கட்டியது. பிறகு கூட்டிலிருந்து நூல் மாதிரி ஒன்று தொங்கி, அடியில் பழுப்பாகச் சின்னச் சின்னதாக ஏதோ கிடக்கிறது. வண்ணத்துப்பூச்சி வரவில்லை. என்ன பிழை?


தேயிலைச்சாரல்

பிழை ஒன்றும் இல்லை. டாக்கினிட் என்ற ஈ. புழு வெளியில் இருந்தபோதே அதன் உடம்பில் முட்டை வைத்திருக்கிறது. உள்ளேயே தின்று வளர்ந்த ஈப்புழுக்கள் கூட்டைத் துளைத்து, பிசின் நூலில் இறங்கி, கீழே கரும்பழுப்பு அரிசி மாதிரி கூடாகிக் கிடக்கும். அதுதான் நீங்கள் பார்த்தது. வேறு வகைகளும் உண்டு. உயிரோடிருக்கும் புழுவின் பக்கத்தில் வெள்ளை அல்லது மஞ்சள் பஞ்சுக்கூடுகள் கொத்தாக இருந்தால் பிரக்கோனிட் குளவி. முட்டையே கறுத்துப்போனால் அதற்குள் அதைவிடச் சின்னக் குளவி. கூட்டில் குண்டூசித் துளை ஒன்று இருந்து உள்ளே வெறுமையாக இருந்தால் இன்னொரு குளவி. அது கூடு கட்டிய அன்றே, தோல் இளசாக இருக்கும்போது வந்து குத்தும். இந்தக் கடைசி ஆளை மட்டும் வீட்டில் தடுக்கலாம்: கூடாகும் நாளில் பெட்டி திறந்து கிடக்கக்கூடாது, நுளம்புவலைக்கு மேல் ஓர்கன்சாத் துணி (கண் மிக நெருக்கமான மெல்லிய துணி) ஒன்றும் போடுங்கள். நுளம்புவலைக் கண் அதற்குப் பெரிய வாசல்.

பெரிய புழுவாக எடுத்தால் இந்த அபாயம் கூட, ஏனென்றால் வெளியில் அதிக நாள் இருந்திருக்கிறது. முட்டையாக எடுத்தால் குறைவு. ஆனால் முட்டையிலிருந்து தொடங்குபவருக்கு முதல் வாரம் நுணுக்கமான வேலை. பிள்ளைகளோடு செய்பவர்களுக்கு மூன்றாம் பருவப் புழு, அதாவது 1 செ.மீ. அளவு, நடுவழி.


பண்டாரவளையான்

அந்த ஈயையும் குளவியையும் என்ன செய்கிறீர்கள்? நசுக்குகிறவர்கள்தான் அதிகம்.


கொழுந்துக்கூடை

நசுக்காதீங்க. தேயிலைத் தோட்டத்துக்கு அதன் அருமை தெரியும். இலையைச் சுருட்டித் தின்னும் தேயிலை டோர்ட்ரிக்ஸ் புழு ஒரு காலத்தில் மலையையே மொட்டையாக்கிக்கொண்டிருந்தது. 1935, 36 இல் ஜாவாவில் இருந்து மக்ரோசென்ட்ரஸ் என்ற சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. பிறகு தண்டு துளைக்கிற வண்டுக்கு டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்தை அடித்தபோது குளவியும் செத்து, டோர்ட்ரிக்ஸ் மறுபடி தலைதூக்கியது. ஜன்னலைத் திறந்து வெளியே விடுங்க, அதுவும் காட்டு உயிர்தான்.


வேலிக்கிளுவை

பிள்ளையளுக்கு அதையும் காட்டுங்கோ. வண்ணாத்திப்பூச்சி வராட்டி அழுவினம், ஆனால் ஈ வெளிய வாறதும் பார்க்க வேண்டிய காட்சிதான். ஒரு மூடின கப்பில வைச்சால் என்ன வந்தது எண்டு தெரியும்.


தேயிலைச்சாரல்

இனிக் கூடாகும் கட்டம், அதிகம் கெட்டுப்போவது இங்கேதான்.

கடைசிப் பருவப் புழு தின்பதை நிறுத்தும். எச்சம் கட்டியாக வராமல் ஒரே தரம் தண்ணீராக, நிறையப் போகும். புதியவர்கள் இதை வயிற்றோட்டம் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். குடலைக் காலி செய்கிறது, அவ்வளவுதான். பிறகு அலையத் தொடங்கும். இந்த ஒரு நாளில் மூடி கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் போய்விடும், பிறகு திரைச்சீலை மடிப்பிலோ அலுமாரிக்குப் பின்னாலோதான் தேடவேண்டும். பெட்டிக்குள் பென்சில் தடிப்பில் சொரசொரப்பான குச்சி இரண்டு மூன்றைச் சாய்வாக நிறுத்துங்கள். புழு குச்சியில் பட்டு மெத்தை ஒன்று நூற்று வால் முனையைக் கொளுவி, இடுப்பைச் சுற்றி ஒரு நூல் வளையம் போட்டுக்கொண்டு சாய்ந்து நிற்கும். ஏறத்தாழ ஒரு நாள் கழித்துத் தோல் பின்னால் உரிந்து போகும். பச்சைத் தண்டில் கட்டினால் கூடு பெரும்பாலும் பச்சை, காய்ந்த குச்சியில் பழுப்பு. பழுப்பானால் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை.

நுவரெலியா ஆட்களின் ரெட் அட்மிரல் வேறு மாதிரி, இடுப்பு நூல் இல்லாமல் தலைகீழாகத் தொங்கும். அதற்குக் குச்சி தேவையில்லை, மேல்வலை போதும்.


மூன்றாம்பிரட்டு

கூடு கீழே விழுந்துவிட்டால்?


நுவரெலியாப்பனி

தொங்குகிற வகையென்றால், வால் முனையில் பட்டுத் துணுக்கு ஒட்டியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தப் பட்டுத் துணுக்கை ஊசி நூலால் கட்டி மேலே தொங்கவிடலாம், கூட்டில் நூல் படக்கூடாது. இல்லையென்றால் டிஷ்யூ விரித்து, பெட்டிச் சுவருக்கு ஒட்டிப் படுக்க வையுங்கள். சுவரில் பழந்துணி ஒன்று தொங்கவேண்டும். வெளியே வந்ததும் ஏறிப் பிடித்துக்கொள்ளும்.


தேயிலைச்சாரல்

இடுப்பு நூல் வகைக்கு, தபால் உறைக் காகிதத்தில் கூம்பு ஒன்று சுருட்டி, வால் கீழே தலை மேலே வரும்படி கூட்டை உள்ளே இருத்தி, கூம்பைக் குச்சியில் ஒட்டுங்கள். கூட்டின் பாதிக்கு மேல் வெளியே தெரியவேண்டும். உடம்பில் நேராகப் பசை வைக்காதீர்கள், மூச்சுத் துளைகள் பக்கவாட்டில்தான் இருக்கின்றன.

வெளிவருவதற்கு முதல் நாள் கூட்டுத் தோல் வழியாக இறகின் நிறம் தெரியும். பெரும்பாலும் காலையில் வரும். இறகு ஈரமாகச் சுருண்டு கிடக்கும். எங்காவது ஏறித் தொங்கி உடம்புத் திரவத்தை இறகு நரம்புக்குள் தள்ளும். இருபது நிமிடத்தில் விரிந்துவிடும், காய்ந்து கடினமாக இரண்டு மூன்று மணித்தியாலம். கீழே இடம் இல்லாவிட்டால் இறகு மடிந்தே காய்ந்துபோகும், அதற்குப் பிறகு எதுவும் செய்ய முடியாது. ஆகவே இந்தக் கட்டத்துக்கு ஐஸ்கிரீம் டப்பா போதாது, கூடு உள்ள குச்சியை 30 செ.மீ. உயரமான பெட்டிக்கு மாற்றிவிடுங்கள், புளூ மோர்மன் 12 செ.மீ. க்கு மேல் விரியும். வால் வழியே செம்பழுப்பாக ஒரு துளி விடும், அது இரத்தம் இல்லை.

கறிவேப்பிலையில் வளர்ந்தது கறுப்பில் சிவப்புப் புள்ளியோடு வந்தால் குழம்பவேண்டாம். கொமன் மோர்மன் பெண்ணில் ஒரு வடிவம் நஞ்சுள்ள கொமன் ரோஸ் வண்ணத்துப்பூச்சியைப் பார்த்து வேஷம் போட்டது, இன்னொரு வடிவம் கிரிம்சன் ரோஸை. பறவைகள் ஏமாறும், நாமும் ஏமாறுவோம்.


வேலிக்கிளுவை

விடுறதைப் பற்றி: எடுத்த இடத்திலயே விடுங்கோ. ஹட்டனில எடுத்ததைக் கண்டியில விடாதேங்கோ. மழையெண்டால் ஒரு நாள் பொறுக்கலாம், முதல் நாள் அதுக்குச் சாப்பாடு தேவையில்லை. அடுத்த நாளும் மழையெண்டால் ஒரு பங்கு சீனிக்குப் பத்துப் பங்கு தண்ணி கரைச்சுப் பஞ்சில நனைச்சு வையுங்கோ. வெயில் ஏறின பிறகு, பத்து மணிக்கு மேல விட்டால் நல்லது. குளிர்ல இறகுத் தசை வேலை செய்யாது, கொண்டைக்குருவி கொத்திப்போடும்.

சட்டத்தையும் ஒருக்காச் சொல்லவேணும். வீட்டுக் கறிவேப்பிலையில எடுக்கிறது வேற, ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ், சிவனொளிபாதமலைக் காடு வேற. அங்க ஒரு இலையும் பிடுங்கக் கூடாது. யால காட்டில நூற்றுக்கணக்கில பூச்சி பிடிச்ச இத்தாலிக்காரர் ரெண்டு பேருக்கு 2024 இல 6 கோடி ரூபா தண்டம் அடிச்சது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். யாத்திரைக் காலத்தில சிவனொளிபாதமலைப் பக்கம் மஞ்சள் மஞ்சளாப் போற வண்ணாத்திப்பூச்சியைப் பார்க்கிறதோட நிறுத்துங்கோ. தேசிய வண்ணாத்திப்பூச்சியான பேர்ட்விங் புழு, ஈஸ்வரமூலிக் கொடியில கண்டாலும் தொடாதேங்கோ. அந்தக் கொடியை வேலியில வளர விட்டாலே அதுக்குச் செய்யிற பெரிய உபகாரம்.


மூன்றாம்பிரட்டு

கடைசிக் கேள்வி. மூன்று வாரமாகியும் கூடு அப்படியே இருக்கிறது. எறிந்துவிடலாமா?


நுவரெலியாப்பனி

எந்த உயரம் என்று சொல்லவில்லை. கண்டியில் என்றால் சந்தேகப்படலாம், 1,200 மீற்றருக்கு மேல் என்றால் இன்னும் பொறுங்கள். வயிற்று வளையங்களை மெல்லத் தொட்டால் அசைகிறதா பாருங்கள். அசையாவிட்டாலும் கனமாக, நிறம் மாறாமல் இருந்தால் உயிர் இருக்கலாம். இறகு நிறம் தெரியாமலேயே கறுத்து, இலேசாகி, நாற்றம் வந்தால் முடிந்தது. அப்போதும் வலை மூடிய கப்பில் இன்னும் இரண்டு வாரம் வையுங்கள், குளவி வரலாம்.


தேயிலைச்சாரல்

பெட்டிக்கு வெளியே ஒரு துண்டுக் காகிதத்தில் செடியின் பெயர், எடுத்த நாள், கூடான நாள் மூன்றையும் எழுதி ஒட்டிவிடுங்கள். இப்போது மூன்று வாரம் என்று நினைவிலிருந்துதானே சொல்கிறீர்கள்? அலைந்த நாளையும் தொங்கிய நாளையும் சேர்த்து எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். தோல் உரிந்த நாளிலிருந்து எண்ணிச் சொல்லுங்கள், எந்த ஊர் என்பதையும் எழுதுங்கள், பார்க்கலாம்.